ஆறு நிமிடக் கோப்பை: தைவானின் தேயிலை நிலையமும் ஊலாங் போட்டி மேசையும்

வெளிநாட்டுத் தேயிலை நிறுவனம் ஒன்றின் வரலாற்றை இம்மலருக்கு எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். இலங்கையின் தலவாக்கலை ஆய்வு நிலையத்தைப் பற்றி எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் தைவானைத் தேர்ந்தெடுத்தேன். பெரும்பாலான தேயிலை ஆய்வு நிலையங்களின் வரலாறு விளைச்சலின் வரலாறுதான்: எந்த நாற்று, எந்த உரம், எக்டேருக்கு எத்தனை கிலோ. தைவான் நிலையத்தின் கதையிலும் அவையெல்லாம் உண்டு. ஆனால் கதையின் நடுவில் ஒரு நீள மேசையும் இருக்கிறது. அதன்மேல் வரிசை வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒரு நாட்டின் தேயிலைத் தொழிலை அந்த மேசை காப்பாற்றியது. அந்நாட்டின் நாக்கைக் கொஞ்சம் குறுக்கியும் விட்டது. இரண்டையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இம்மலரைப் புரட்டுவோரில் பலர் கொழுந்தோடும் ஏலத்தோடும் வாழ்க்கை நடத்தியவர்கள். அவர்களுக்கு ஊலாங்கை விளக்க ஓரிரு வரி போதும். நம் ஆலைகளில் கொழுந்தை வாட்டி, சி.டி.சி. உருளைகளில் நசுக்கி, முழுதாக நிறம் மாறவிட்டு உலர்த்துகிறோம். ஊலாங்குக்கு இலையை நசுக்குவதில்லை. மொட்டு அடங்கி இலைகள் விரிந்த தண்டாகப் பறித்து, சிறிது நேரம் வெயிலில் வாட்டுகிறார்கள். பிறகு அறைக்குள் மூங்கில் தட்டுகளில் பரப்பி, இடைவெளி விட்டு விட்டுக் கையால் அள்ளிப் புரட்டுகிறார்கள். உரசலில் இலையோரம் கன்றிச் சிவக்கும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். தண்டிலிருக்கும் ஈரம் இலைக்கு ஏறி ஆவியாக வெளியேறும். பச்சை வாடை போய்ப் பூமணம் எழும். இதெல்லாம் நடந்து முடிய நள்ளிரவு தாண்டிவிடும். மணம் சரியென்று பட்ட நேரத்தில் சூடான உருளையில் கொட்டி மாற்றத்தை நிறுத்திவிட வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. சீக்கிரம் நிறுத்தினால் ஒரு தேயிலை, தாமதித்தால் வேறொரு தேயிலை. நிறுத்திய பிறகு எவ்வளவு வறுப்பது என்பது அடுத்த கேள்வி. பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் நடுவே இத்தனை இடம் இருப்பதால்தான் ஊலாங்கில் ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு கிடைக்கிறது.

தைவானுக்குத் தேயிலை எதிர்க்கரையிலிருந்து, சீனாவின் ஃபுஜியன் மாகாணத்திலிருந்து வந்தது. செடி, கைத்திறன், குடிக்கும் வழக்கம் எல்லாம் குடியேறியவர்களின் மூட்டையோடு வந்தவை. அதை வணிகமாக்கியவர் ஜான் டாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1860களில் தைவானின் வடக்குத் துறைமுகத்துக்கு வந்த டாட், லி சுன்ஷெங் என்ற உள்ளூர்த் தரகரைத் துணையாக வைத்துக்கொண்டு, ஃபுஜியனின் அன்ஷியிலிருந்து நாற்றுகளைத் தருவித்து, உழவர்களுக்குக் கடனும் கொடுத்துப் பயிரிடச் செய்தார். 1869இல் இரண்டு பாய்மரக் கப்பல்களில் 2,131 பிக்கல், அதாவது ஏறத்தாழ 127 டன் ஊலாங் நியூயார்க்குக்குப் போனது. ‘ஃபார்மோசா ஊலாங்’ என்ற பெயர் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். நாற்றுக்குக் கடன், விளைந்ததை அவரிடமே விற்கும் ஏற்பாடு, கைமாறும் விலையில் தரகருக்கு ஒரு பங்கு என்ற இந்த முறையை நம் மலைகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளிலேயே சரக்கு தேங்கியது. 1873இல் விற்காத ஊலாங்கைக் கடல் கடத்தி ஃபுஜியனுக்கு அனுப்பி, பூக்களோடு சேர்த்து மணமேற்றி வேறு தேயிலையாக்கி விற்றார்கள். பின்னர் அந்தக் கைத்தொழில் தைவானுக்கே வந்தது. பூவைச் சேர்க்காமலே பூமணம் வரச் செய்யும் வழி தைபேயை அடுத்த மலைகளில் பிறந்தது. அதன் விளைவுதான் இன்று பாவ்சொங் என்று அழைக்கப்படும் இலேசான ஊலாங். வென்ஷான் வட்டாரத்துப் பிங்லின் இன்றும் அதற்குப் பேர்போன ஊர். ஊலாங் குடும்பத்திலேயே பச்சைத் தேயிலைக்கு மிக அருகில் நிற்பது இது. இலையை உருட்டாமல் முறுக்கி நீளமாகவே விடுவார்கள். சாறு இளம்பச்சை கலந்த மஞ்சள். வாய்க்குள் போகும்முன்பே மூக்குக்குப் போய்விடும் தேநீர். அதில் குறை காண்பவர்கள் அது வயிற்றுக்குச் சேரவில்லை என்பார்கள். வெறும் வயிற்றில் பாவ்சொங் குடித்தால் அவர்கள் சொல்வதில் உண்மை இருப்பது தெரியும்.

நிலையம் தோன்றிய ஆண்டு 1903. தீவு ஜப்பானியர் கைக்கு மாறி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வடமேற்கே தாவ்யுவான் வட்டாரத்தில் யாங்மெய் ஊரின் செம்மண் மேட்டில் ஒரு தேயிலை உற்பத்திச் சோதனைச் சாலையை அரசு தொடங்கியது. இயந்திரம் வைத்துத் தேயிலை செய்ய முடியுமா என்று பார்ப்பதே அதன் முதல் வேலை. பெயர்கள் மாறின, துறைகள் மாறின, கிளைகள் முளைத்தன. 1936இல் சூரிய-சந்திர ஏரிக்கரையின் யூசியில் கறுப்புத் தேயிலைக்கென்றே ஒரு நிலையம் வந்தது. அதைக் கட்டி வளர்த்த அராய் கோகிச்சிரோ போர் முடிந்தும் ஊர் திரும்பாமல் 1946இல் மலேரியாவில் இறந்தார். அது தனிக் கதை, ஊலாங்கைச் சேர்ந்ததும் அல்ல. சிதறிக் கிடந்த நிலையங்கள் 1968இல் தேயிலை மேம்பாட்டு நிலையம் என்ற ஒரே குடையின்கீழ் வந்தன. முதல் இயக்குநர் வூ ஜென்துவோ.

வூ ஃபுஜியனில் பிறந்தவர், போருக்குப் பின் தைவானுக்கு வந்தவர், பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தியவர். அவர் பொறுப்பேற்றபோது தைவான் தேயிலை நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. 1973இல் ஏற்றுமதி சுமார் 23,500 டன்னைத் தொட்டது. அதில் பெரும்பங்கு ஊலாங் அல்ல, ஜப்பானுக்குப் போன பச்சைத் தேயிலை. வாங்குபவன் எதைக் கேட்டானோ அதைச் செய்து கொடுத்த தொழில் அது: ஒரு பத்தாண்டில் வட ஆப்பிரிக்காவுக்கு, அடுத்த பத்தாண்டில் ஜப்பானுக்கு. கூலி ஏறி, எண்ணெய் விலை ஏறி, ஜப்பான் கையைச் சுருக்கிக்கொண்டதும் தரை நழுவியது. தைவானியர்களோ அப்போது பெரிதாகத் தேநீர் குடிப்பவர்களாக இல்லை. நல்ல சரக்கு கப்பலுக்கு, மிஞ்சியது வீட்டுக்கு என்பதுதான் பழக்கம். இதுவும் நமக்குப் புதிதல்ல.

வெளிநாட்டில் விற்காததை உள்நாட்டில் விற்பது என்று முடிவெடுத்தார்கள். சொல்வது எளிது. நாலு தலைமுறையாக மலிவுச் சரக்கு குடித்துப் பழகியவனிடம் ஒரு தேயிலைக்கு ஏன் பத்து மடங்கு விலை தர வேண்டும் என்று யார் சொல்வது? விற்பவன் சொன்னால் நம்ப மாட்டான். அரசு நிலையத்தின் நிபுணர் சொன்னால் நம்பலாம். 1975இல் வடக்கே வென்ஷான் வட்டாரத்தில் முதல் சிறந்த தேயிலைப் போட்டி நடந்தது. 1976இல் நடுத் தைவானின் நன்தோவ் மாவட்டத்தில் லூகு ஊர் உழவர் சங்கம் தன் போட்டியைத் தொடங்கியது. உழவர் சங்கம் என்றதும் கொடி பிடிக்கும் சங்கம் என்று எண்ண வேண்டாம். கடன், உரம், விற்பனை, பயிற்சி எல்லாவற்றையும் பார்க்கும் கூட்டுறவு அமைப்பு அது. போட்டியை நடத்துவது சங்கம், நடுவர்களை அனுப்புவது நிலையம். இந்த இரட்டை ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது.

லூகுவில் டொங்டிங் என்ற குன்று உண்டு. சுமார் 740 மீட்டர் உயரம், பெரிய மலை ஒன்றும் இல்லை. 1855இல் லின் ஃபெங்ச்சி என்பவர் தேர்வெழுத ஃபுஜியன் போய்த் திரும்பும்போது வூயி மலையிலிருந்து 36 நாற்றுகள் கொண்டுவந்தார், அவற்றில் சில இங்கே வேர்பிடித்தன என்பது ஊரார் சொல்லும் கதை. சான்று மெல்லியது. கதையின் உதவி இல்லாமலே டொங்டிங் ஊலாங் நிற்கும். உருட்டிய இலை, நடுத்தரமாகச் சிவந்த ஓரம், அதன்மேல் நிதானமான வறுப்பு. கோப்பையில் தேன் நிறம். முதலில் வறுத்த தானிய வாசனை, பின்னால் பழம், விழுங்கியபின் தொண்டையில் மெல்ல ஊறும் இனிப்பு. தைவான்காரர்கள் நல்ல தேநீருக்குச் சொல்லும் இலக்கணம் அந்தக் கடைசி இனிப்புதான்.

மேசையில் நடப்பது

லூகு போட்டி ஆண்டுக்கு இருமுறை, வசந்த காலத்திலும் குளிர்காலத்திலும் நடக்கிறது. இப்போதெல்லாம் ஒரு பருவத்துக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் வருகின்றன. ஒவ்வொரு பதிவும் சுமார் இருபது ஜின் தேயிலை. ஒரு ஜின் என்பது 600 கிராம். வருமுன் வீடுதோறும் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காம்பையும் பழுத்த இலையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறார்கள். உருண்டையின் அளவு ஒன்றுபோல் இருக்க வேண்டும். சங்கத்தில் எடை போட்டு, பெயரை மறைத்து எண் இடுகிறார்கள். அதன்பின் அந்தத் தேயிலை யாருடையது என்று நடுவருக்குத் தெரியாது.

எண்ணிட்ட கோப்பையில் 3 கிராம் தேயிலை. கொதிக்கும் நீர் 150 மில்லி. மூடி வைத்து, உருட்டிய ஊலாங்குக்கு 6 நிமிடம், முறுக்கிய பாவ்சொங்குக்கு 5 நிமிடம். பிறகு சாற்றைக் கிண்ணத்தில் வடித்துவிட்டு, நடுவர் முதலில் சாற்றைப் பார்க்காமல் கோப்பையில் தங்கிய சூடான இலையை மூக்கருகே கொண்டுபோகிறார். அடுத்துக் கரண்டியால் சாறு, உறிஞ்சும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும், துப்புகிறார், அடுத்த கிண்ணத்துக்கு நகர்கிறார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்கள். கணிசமான பகுதி முதல் சுற்றிலேயே கழிந்துவிடும். மிஞ்சியவற்றில் சிறப்புப் பரிசு ஒன்றே ஒன்று. அதற்குக் கீழே முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம், அதற்கும் கீழே மூன்று பிளம் பூ, இரண்டு பிளம் பூ. தரத்தைப் பொறுத்த முத்திரையோடு சங்கமே டப்பாவை மூடிக் கொடுக்கிறது. திருமணத்துக்கும் புத்தாண்டுக்கும் பரிசாகக் கைமாறும் டப்பா அது. சிறப்புப் பரிசு பெற்றவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடிப்பதும் உண்டு.

குன்னூர் ஏலத்தோடு பழகியவர்களுக்கு இந்த அளவு எங்கேயோ கேட்டதுபோல் இருக்கும். பன்னாட்டுத் தரநிலைப்படி நம் சுவைப்பாளர்களும் 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம் என்ற அதே விகிதத்தில்தான் ஊற்றுகிறார்கள். கோப்பையும் அதேபோன்ற பல்வெட்டு விளிம்புக் கோப்பைதான். வேறுபாடு அதன் பிறகு தொடங்குகிறது. 1963இல் தொடங்கிய குன்னூர் ஏலத்தில் சுவைப்பாளரின் தீர்ப்பு வாங்குபவரின் குறிப்பேட்டோடு நின்றுவிடுகிறது. நீலகிரியின் சிறு விவசாயி கொழுந்தைக் கிலோக் கணக்கில் ஆலைக்குப் போட்டுவிட்டு வருகிறார்; தன் கொழுந்து என்ன தேநீராயிற்று என்று குடித்துப் பார்க்க அவருக்கு வழியே இல்லை. லூகுவில் விளைவிப்பவரே ஆக்குகிறார், அவரே பதிவு செய்கிறார். தீர்ப்பு முடிந்ததும் நடுவர்கள் உழவர்கள் முன்னால் நின்று இந்த ஆண்டுத் தேயிலையில் என்ன குறை என்று விளக்குகிறார்கள்: புரட்டியது போதவில்லை, ஈரம் வெளியேறவில்லை, அவசரமாக வறுத்தது. பரிசை விட இந்தப் பேச்சுதான் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றும். பக்கத்து வீட்டுக்காரனின் தேநீரை ருசி பார்த்து, தன்னுடையதோடு ஒப்பிட்டு, அடுத்த பருவத்தில் கையை மாற்றிக்கொள்ளும் ஊர் ஒன்று இதனால் உருவாயிற்று. இதற்குச் சட்டமும் ஒத்துழைத்தது. 1982இல் பழைய தேயிலை உற்பத்திக் கட்டுப்பாட்டு விதிகள் நீக்கப்பட்டு, உழவர் தன் வீட்டிலேயே தேயிலை செய்து விற்கலாம் என்றானது.

இதே காலத்தில் வூவின் நிலையம் இரண்டு புதிய இரகங்களை வெளியிட்டது. 1981இல் வந்த 12ஆம் எண் ஜின்சுவான், 13ஆம் எண் சுய்யூ. வெளியாகுமுன் சோதனைத் தோட்டத்தில் அவற்றுக்கு 2027, 2029 என்று எண். வயதான உழவர்கள் இன்றும் ‘இருபத்தேழு’, ‘இருபத்தொன்பது’ என்றே சொல்கிறார்கள். பெயர்கள் வூவின் குடும்பப் பெண்களுடையவை என்பார்கள். பழைய சிங்சின் ஊலாங் இரகம் நோய்க்கு அஞ்சும், குறைவாகத் துளிர்க்கும் கோழைச் செடி. மணத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஜின்சுவான் தாராளமாகத் துளிர்க்கும், தாழ்ந்த நிலத்திலும் பிழைக்கும். அதன் சாற்றில் பால் வாசனை போன்ற ஒரு மென்மை இயல்பாகவே உண்டு. மெல்லியது, தேடினால்தான் கிடைக்கும். உலகச் சந்தையில் ‘மில்க் ஊலாங்’ என்று பாக்கெட்டைத் திறந்தவுடன் பால்கோவாக் கடைபோல் மணப்பவை பெரும்பாலும் மணப்பொருள் சேர்த்தவை. அவற்றைக் குடித்துவிட்டு ஜின்சுவானை எடைபோட வேண்டாம்.

குறுகிய நாக்கு

போட்டி வென்றது. உள்நாட்டில் தேநீர் குடிப்பது பல மடங்கு கூடியது. ஏற்றுமதி நாடாக இருந்த தைவான் 1990களில் இறக்குமதி செய்யும் நாடானது. சங்கங்கள் எல்லாம் போட்டி நடத்தின. எல்லாரும் ஒரே மேசையை நோக்கித் தேயிலை செய்தார்கள்.

ஆறு நிமிடக் கோப்பை குறைகளைப் பிடிக்க வைத்திருக்கும் கருவி. கொதிநீரில் அவ்வளவு நேரம் ஊறினால் கசப்பு, துவர்ப்பு, பச்சை வாடை, கருகல், புகை எதுவும் ஒளிய முடியாது. நீதிமன்றத்துக்கு அது சரியான கருவிதான். வீட்டில் யாரும் அப்படிக் குடிப்பதில்லை. சிறு மண் குடுவையில் கால்வாசி நிரம்பும் அளவுக்குத் தேயிலையைப் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் வடித்து, மறுபடி நீர் ஊற்றி, ஐந்தாறு முறை குடிக்கிறார்கள். உருண்டை மெல்ல அவிழும். இரண்டாம் மூன்றாம் நீரில் சுவை நிமிரும். ஐந்தாவதில் எது மிஞ்சுகிறது என்பதுதான் தேயிலையின் உண்மையான தரம். போட்டிக் கோப்பை அந்த ஐந்தாவது நீரைப் பார்ப்பதே இல்லை. பரிசு பெற்ற தேநீர் முதல் குடுவையில் பளிச்சென்று பேசிவிட்டு மூன்றாவதில் வாய்மூடுவதையும், பிளம் பூ வாங்கிய தேநீர் கடைசிவரை தாக்குப்பிடிப்பதையும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிப்பவர் காணலாம்.

அதைவிட ஆழமான மாற்றம் உயரத்தில் நடந்தது. 1980களிலிருந்து தேயிலை மலையேறியது. ஆயிரம் மீட்டருக்கு மேல் விளைந்தால் ‘உயர்மலைத் தேயிலை’. அலிஷான், ஷான்லின்சி, அதற்கும் மேல் இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய லிஷான். குளிரிலும் மூடுபனியிலும் இலை மெதுவாக வளரும், தடிக்கும். துவர்ப்புச் சத்து குறைந்து அமினோ அமிலம் கூடும். சாறு வழவழப்பாக, இனிப்பாக, குளிர்ந்த மணத்தோடு இருக்கும். லிஷான் வசந்தத் தேநீரை முதன்முதலாகக் குடிப்பவர் வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்வது இயல்பு. அதன் அழகைக் காட்டச் சிவப்பைக் குறைத்து, வறுப்பைக் கைவிட்டார்கள். பச்சையே நாகரிகம் என்றானது. டொங்டிங்கும் 1990களில் அந்தப் பக்கம் சாய்ந்தது. நீரிணைக்கு அப்பால் அன்ஷியின் தியேகுவான்யின் ஊலாங்கூடப் பச்சை வேடம் பூண்டது. தாத்தா குடித்த டொங்டிங்கைத் தேடினால் அந்தக் குன்றிலேயே கிடைக்காத நிலை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: உயர்மலைத் தேநீர் அழகானது, ஆனால் எல்லா உயர்மலைத் தேநீரும் ஒன்றையொன்று ஒத்திருக்கிறது. வேறுபாடு தெரிய வேண்டுமானால் உழவனின் கை தெரிய வேண்டும், நெருப்பு தெரிய வேண்டும். செங்குத்துச் சரிவுகளில் காடழித்துத் தோட்டம் போட்டதன் கணக்கும் இருக்கிறது. 2,500 மீட்டர் உயரத்துத் தாயூலிங்கில் புகழ்பெற்ற ஒரு தோட்டத்தை 2015 வாக்கில் அரசு மீட்டு மரம் நட்டது. அந்தத் தேயிலையின் விலையை நினைத்து வருந்தியவர்கள் உண்டு. மண்சரிவை நினைத்தவர்கள் வருந்தவில்லை.

பிறகு லூகு சங்கம் வறுத்த நடையையே தன் போட்டியின் அடையாளமாக நிலைநிறுத்திக்கொண்டது. சிவந்த சாறு தரும் பழைய நடைக்கென்று ஊரில் தனிப் போட்டியும் வந்தது. ஒரு விந்தை: லூகு போட்டிக்கு வரும் இலையில் பெரும்பங்கு இன்று லூகுவில் விளைவதல்ல, அலிஷானிலும் ஷான்லின்சியிலும் பறித்ததை இங்கே கொண்டுவந்து வறுக்கிறார்கள். டொங்டிங் என்பது குன்றின் பெயராக இருந்து கைப்பக்குவத்தின் பெயராகிவிட்டது.

வறுப்பின் எல்லையைப் பார்க்க விரும்புவோர் தைபேயை ஒட்டிய முஜாவுக்குப் போக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாங் நைமியாவ் அன்ஷியிலிருந்து கொண்டுவந்த தியேகுவான்யின் அங்கே பிடிவாதமாகக் கறுப்பாகவே நீடிக்கிறது. துணியில் இறுக்கிக் கட்டி உருட்டி, சூடேற்றி, மறுபடி கட்டி, பல நாள் வறுத்து எடுத்த அதன் சாற்றில் பழப் புளிப்பு ஒன்று மெல்லத் தலைகாட்டும். பாவ்சொங் குடித்த அதே மேசையில் இதையும் குடித்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

பூச்சி கடித்ததும் நிலையம் கற்றதும்

நிலையத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் பூச்சியுடையது. சின்ச்சு மாவட்டத்துப் பெய்பு, எமெய் ஊர்களில் ஹக்கா மக்கள் கோடையில் செய்யும் ஒரு தேயிலை உண்டு. பச்சைத் தத்துப்பூச்சி கடித்துச் சாறு உறிஞ்சிய இளந்தளிரைத்தான் பறிப்பார்கள். கடிபட்ட இலை தற்காப்புக்காக மணச் சேர்மங்களை உண்டாக்குகிறது. அதுதான் தேன் வாசனையாகக் கோப்பைக்கு வருகிறது. பாதிக்கு மேல் சிவக்கவிட்டு, வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று நிறம் கலந்த இலையாக முடிப்பார்கள். பூச்சி தின்றதை நல்ல விலைக்கு விற்றேன் என்று ஊர் திரும்பிய உழவனை யாரும் நம்பாததால் ‘புளுகுத் தேயிலை’ என்று பெயர் வந்ததாம். வெளிச்சந்தையில் அதற்கு ‘கீழைத்தேய அழகி’ என்று பெயர். டார்ஜிலிங்கின் இரண்டாம் பறிப்பு மணத்துக்கும் இதே வகைப் பூச்சியின் பங்கு உண்டு என்பதால் நம் நாட்டுக்கும் இதில் உறவுண்டு. பூச்சிக்கொல்லி அடித்தால் இந்தத் தேயிலையே இல்லை.

1999 செப்டம்பர் 21 அதிகாலை நன்தோவ் மாவட்டத்தை மையமாகக் கொண்டு பெருநிலநடுக்கம் வந்தது. லூகு மலைப்பாதைகள் உடைந்தன, தோட்டங்களுக்குப் போக ஆளில்லை. கவனிப்பாரற்ற செடிகளில் தத்துப்பூச்சி பெருகியது. அந்தக் கடிபட்ட இலையைக் கழித்துவிடாமல், உருட்டிய ஊலாங்காக ஆழமாகச் சிவக்கவைத்து வறுத்துப் பார்த்தார்கள். ‘குவெய்ஃபெய்’, அதாவது அரச நாயகி என்ற பெயரில் விற்கும் தேன்மணத் தேயிலை அப்படிப் பிறந்ததாகவே லூகுவில் சொல்கிறார்கள். நிலையத்தினர் அந்தச் செய்முறையை ஒழுங்குபடுத்திப் பரப்பினார்கள்.

அதே வழியில் இன்னொன்று. கிழக்குக் கரையின் தாய்துங் கிளை நிலையத்துக்கு லூயே சமவெளித் தோட்டங்கள் பெரிய தலைவலி. உயரம் இல்லை, வெயில் அதிகம், கோடைக் கொழுந்து துவர்க்கும், உயர்மலைத் தேயிலையோடு போட்டி போட வழியில்லை. அந்தத் துவர்ப்பையே முதலாக வைத்து, கறுப்புத் தேயிலையை எட்டிப்பிடிக்கும் அளவுக்குச் சிவக்கவைத்து, உருட்டி, வறுத்து, 2008இல் ‘சிவப்பு ஊலாங்’ என்று வெளியிட்டார்கள். குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவிட்டுக் குடிக்க இதைவிட நல்ல தேயிலை எனக்குத் தெரியாது. போட்டி மேசை எதை ஒதுக்கியதோ, நிலையத்தின் இன்னொரு கை அதற்கு வேறொரு வாசலைத் திறந்தது.

மேசைக்கு வந்த சோதனைகளையும் சொல்ல வேண்டும். தைவான் இரகத்தை, தைவான் இயந்திரத்தோடு வியட்நாமில் பயிரிட்டுச் செய்த மலிவு ஊலாங் உள்ளே வந்து உள்ளூர்த் தேயிலையோடு கலந்தது; போட்டிகளிலும் நுழையப் பார்த்தது. நாக்கால் மட்டும் பிடிக்க முடியாது. மண்ணிலிருந்து இலைக்கு ஏறும் கனிமங்களின் விகிதத்தை அளந்து ஊரைச் சொல்லும் சோதனையை நிலையம் உருவாக்கியது. பூச்சிமருந்து எச்சச் சோதனையும் இப்போது தீர்ப்போடு சேர்ந்தது. மலர், பழம், தானியம், வறுப்பு என்று மணங்களை வகைப்படுத்திச் சுவைச் சக்கரங்கள் வெளியிட்டார்கள். சுவைப்பாளர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழும் தருகிறார்கள். 2023 ஆகஸ்டில் வேளாண் துறை அமைச்சகமாக உயர்ந்தபோது நிலையத்தின் பெயர் தேயிலை மற்றும் பானப் பயிர் நிலையம் என்று மாறியது. காப்பியையும் அதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

மலர் வாசகர்களில் யாருக்கேனும் ஒப்பிட்டுக் குடித்துப் பார்க்க ஆசை வந்தால், நான்கு தேயிலை போதும்: ஒரு பாவ்சொங், ஒரு உயர்மலை ஊலாங், வறுத்த டொங்டிங், ஒரு கீழைத்தேய அழகி. பாலும் சர்க்கரையும் எட்டத்தில் இருக்கட்டும். முதலில் நான்கையும் நடுவர் முறையில் ஊற்றுங்கள்: 3 கிராம், 150 மில்லி, கொதிநீர், ஆறு நிமிடம், பாவ்சொங்குக்கு ஐந்து. குறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நான்கையும் சிறு குடுவையில், தேயிலையைத் தாராளமாகப் போட்டு, நிமிடத்துக்குள் வடித்து ஐந்து நீர்வரை குடியுங்கள். பாவ்சொங்குக்கும் கீழைத்தேய அழகிக்கும் நீரைச் சற்று ஆறவிடலாம். டொங்டிங்குக்குக் கொதி குறையவே கூடாது. இரண்டு நாளின் தரவரிசையும் ஒன்றாக வராது. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள், இலேசானதிலிருந்து கனத்ததுக்குப் போக வேண்டும். வறுத்ததை முதலில் குடித்துவிட்டால் பின்னால் வரும் பாவ்சொங் வெந்நீராகத்தான் தெரியும்.